கூண்டுக் கதவில் வேப்பிலை

1

எங்கள் வீட்டில் வருடத்துக்கு மூன்று பெருநாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், குரங்கு நாள். முதல் இரண்டும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவது, என் வீட்டுக்காரர் திண்டுக்கல் குரங்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சிறுமலை அடிவாரத்தில் விட்ட நாள். மலாயாவுக்கு வந்ததிலிருந்து, அந்தத் தேதி வந்தால் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டுச் சோறு போடுவார். கோழிக்குழம்பு நான் வைக்க வேண்டும். கதை அவர் சொல்வார்.

கதை எனக்கு மனப்பாடம். சோற்றில் குழம்பை ஊற்றியதும் ஆரம்பிப்பார்.

"ஊரே தெரண்டு நின்னுச்சு. லாரிக்கு முன்னாடி வாழமரம் கட்டி, மேளம் வச்சு, எனக்கு மாலையப் போட்டு ஏத்திவிட்டாங்க. அடிவாரத்துல கூண்டுக் கதவத் தொறந்தேன் பாருங்க, ஒவ்வொண்ணும் திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. பாத்துட்டு மரத்துல ஏறிப் போச்சு. கும்பிடாத கொறதான்."

இந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். விருந்தாளிகள் கறித்துண்டைக் கடித்துக்கொண்டே 'அடடா' என்பார்கள். குரங்கு திரும்பிப் பார்த்ததாம்! நானும் அன்றைக்கு அங்கேதான் நின்றேன். கதவு திறந்ததும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து ஓடியவை அவை. திரும்பிப் பார்க்க அவற்றுக்கு நேரம் ஏது? பார்த்தாலும் இவர் முகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

'புஷ்பம் வெளிநாட்டில் இருக்கிறாள், கொடுத்து வைத்தவள்' என்று திண்டுக்கல்லில் இன்னும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே என் பிழைப்பு குரங்குக்கு ஊசி குத்தி இரத்தம் எடுப்பது. மிச்ச நேரத்தில் குரங்குக் கதை கேட்பது. இந்த வருடத்துக் குரங்கு நாள் மட்டும் வேறு மாதிரி முடிந்தது.

2

நாட்டின் பெயரை மலேசியா என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் மலாயாதான். என் வீட்டுக்காரர் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் வராத நாளெல்லாம் அவரே டாக்டர், அதாவது வாரத்தில் ஆறு நாள். நான் வேலை பார்ப்பது எஸ்டேட் முடிந்து காடு ஆரம்பிக்கும் இடத்தில் உள்ள ஒரு தகரக் கொட்டகையில். பெயர்ப்பலகையில் என்னவோ பெரிதாக எழுதியிருக்கிறது. நாங்கள் சொல்வது குரங்கு ஆஸ்பத்திரி.

பங்களாக்களில் செல்லமாக வளர்த்து, கடிக்க ஆரம்பித்ததும் வேண்டாமென்று தள்ளிவிட்ட காட்டு மிருகங்களை இங்கே கொண்டுவருவார்கள். மரமேறவும் இலை தின்னவும் பழக்கி, மறுபடி காட்டில் விட வேண்டும். அதிகமாக வருவது உங்கா. வாலில்லாத ஒரு குரங்கினம் அது. கை மட்டும் கணுக்கால் வரை நீளும். விடிந்ததும் காட்டுக்குள்ளிருந்து குடும்பம் குடும்பமாகக் கூவும். முதல் தடவை கேட்டபோது யாரோ ஒரு பெண்பிள்ளை கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஓடினேன்.

உங்காக் குட்டி வேண்டுமென்றால் தாயைச் சுட வேண்டும். உயிரோடிருக்கிற தாய் குட்டியை விடாது. சுட்டவனிடமிருந்து குட்டியை வாங்கி, அதற்குக் கவுன் தைத்துப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் ஊட்டுகிறவர்கள், தங்களுக்கு மிருகங்கள் என்றால் உயிர் என்று சொல்லிக்கொள்வார்கள். எங்கள் மானேஜர் துரையின் துரைசாணி அப்படி வளர்த்ததுதான் பேபி. தொப்பி வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுமாம். ஒருநாள் விருந்துக்கு வந்த சீமாட்டி ஒருத்தியின் காதைக் கடித்துவிட்டது. அது காட்டு மிருகம் என்பது மறுநாள் காலையில்தான் துரைசாணிக்கு ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பேபியைக் கூடையில் போட்டு அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

பேபிக்குத் தான் உங்கா என்பதே தெரியவில்லை. காட்டிலிருந்து கூவல் வந்தால் பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மரமேறக் கற்றுக்கொடுக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஒரு காலையில், கிளையில் தொங்கிக்கொண்டே காட்டைப் பார்த்துப் பதில் கூவியது. எனக்குச் சட்டென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

அப்படியே கொண்டுபோய் விட்டுவிட முடியாது. மனிதரோடு இருந்த மிருகத்துக்கு மனிதர் நோய் ஒட்டியிருக்கலாம். இளம்பிள்ளை வாதம் உண்டு, இன்னும் என்னென்னவோ உண்டு. எங்களுக்குப் பெரிய பயம் தட்டம்மைதான். நம் ஊரில் மணல்வாரி என்கிறோமே, அதுதான். மனிதரைப் பார்த்தே இராத காட்டுக் கூட்டத்துக்குள் அந்தக் கிருமியோடு ஒன்று போனால் போதும், கூட்டமே படுத்துவிடும். அதனால் விடுவதற்கு முன் இரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துத் தலைநகரத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும்.

அங்கே மனிதருக்கான அச்சடித்த பாரம் மட்டும்தான் இருக்கிறது. தகப்பன் பெயர் எழுதவில்லை என்று பேபியின் இரத்தத்தை ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை எழுதினேன்: தகப்பன், தெரியாது. மதம், தெரியாது. தொழில், கடிப்பது. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். ஒரு குமாஸ்தாவுக்குத் தேவை நிரப்பிய கட்டம். எதைக் கொண்டு நிரப்பியது என்று எந்த நாட்டிலும் கேட்பதில்லை.

பதில் வந்தது. பேபியின் இரத்தத்தில் எந்த நோயின் தடமும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இதுவரை தட்டம்மை வந்ததில்லை என்று அதற்கு அர்த்தம். இனிமேல் வந்தால் எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமில்லை என்றும் அதற்கு அர்த்தம். இந்த இரண்டாவதை யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். ரப்பர் தோட்டத்தில் துரையாக இருந்து ஓய்வு பெற்றவர். கங்காணிகளிடம் கற்ற தமிழில் எல்லோரையும் 'நீ', 'வா', 'போ' என்பார். இன்னும் ஒரு மாதத்தில் கப்பலேறப் போகிறவருக்கு, மந்திரியோடு நின்று ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கும் அதில் நிற்க ஆசை. இரண்டு பேரும் பேசி, பேபியைக் காட்டில் விடத் தேதி குறித்தார்கள். எந்தத் தேதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3

அந்தத் தேதியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நான் நர்ஸ், அவர் கம்பவுண்டர். சிறுமலையிலிருந்து குதிரைகளில் வாழைப்பழப் பொதி வந்து இறங்குகிற நாளில், கோட்டைப் பாறையிலிருந்து குரங்குகளும் மார்க்கெட்டுக்கு இறங்கிவிடும். கடைக்காரர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். மேடையில் பேச வாயுள்ளவர் என்பதால் இவரைச் செயலாளர் ஆக்கினார்கள். பிடித்த குரங்குகளை, நிழல் இருக்கிறதென்று, எங்கள் டிஸ்பென்சரிப் பின்கட்டில் கூண்டு கட்டி அடைத்தார்கள்.

அந்தக் கோடையில் ஊரெங்கும் மணல்வாரி. அம்மை போட்ட வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் யாரும் உள்ளே போவதில்லை, யாரும் வெளியே வருவதில்லை. மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை பிள்ளை வாசல் தாண்டாது. எங்கள் வேதக்காரத் தெருவிலும் அதே வழக்கம்தான். மாதா படத்துக்கு மேலே வேப்பங்கொத்து தொங்கும். பங்குச் சாமியார் வந்தால் கழற்றுவோம், போனதும் மாட்டுவோம்.

பிள்ளையின் பாயருகே தட்டில் வாழைப்பழம் வைத்திருப்பார்கள். காய்ச்சலில் அது தின்னாது. அந்தப் பழத்தைப் பிள்ளை கையாலேயே குரங்குக்குக் கொடுத்தால் அம்மை சீக்கிரம் இறங்கிவிடும் என்று எவனோ கிளப்பிவிட்டான். மறுநாள் லாரி போகப்போகிறது. அவ்வளவுதான், டிஸ்பென்சரிப் பின்கட்டு திருவிழா ஆகிவிட்டது. உடம்பெல்லாம் பொரிந்த பிள்ளைகளை வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே இருமிக்கொண்டு அக்காள் தங்கைகள்.

ஒருத்தியை நான் மறித்தேன். "ஏம்மா, மூணு தண்ணி ஊத்தாம புள்ளைய வெளிய கொண்டாரலாமா?"

"நாளைக்கு வண்டி போயிருமாம்ல தாயி. மூணாந் தண்ணி வரைக்கும் பொறுத்தா கொரங்கு எங்குட்டு இருக்கும்? ஒரு பழத்தக் குடுத்துட்டு ஓடிர்றேன்."

"இவனப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவியா?"

"அய்யய்யோ, அவுக புள்ளைக்கு ஒட்டிக்கிரும்ல!"

இதுதான் நம் ஜனங்களின் அறிவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டும் என்று தெரியும். கம்பிக்கு அந்தப் பக்கம் கை நீட்டிப் பழம் வாங்குகிறதற்கும் மூக்கும் நெஞ்சும் இருப்பது தெரியாது. குரங்குக்கு மணல்வாரி வரும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. கூட்டம் மருந்து மேஜையை மிதித்துவிடுமே என்றுதான் நான் விரட்டினேன். கம்பவுண்டரோ நடுவில் நின்று, "ஏலே, வரிசையா வாங்க. ஆஞ்சநேயர் எங்கயும் ஓடிர மாட்டாரு" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஜெபமாலை!

லாரி போனது. கம்பவுண்டர் கழுத்தில் மாலை விழுந்தது. சில வாரம் கழித்து, சிறுமலையில் வாழைத்தோப்பு வைத்திருந்த பேச்சியம்மா என்பவள் கால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்தாள்.

"நர்சம்மா, நீங்க கொண்டாந்து விட்ட கொரங்குக மேல வந்துச்சுக. வந்ததுல இருந்து எங்க காட்டுக் கொரங்கும் சேந்து, கண்ணெல்லாம் பீளை தள்ளி, மூக்கொழுகி, இருமிக்கிட்டே கெடக்கு. தோப்புல காலு வைக்க முடியல, அம்புட்டு நாத்தம். செத்த குட்டியக்கூட கீழ போடாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத் திரியுதுக. பாக்கச் சகிக்கல."

கம்பவுண்டர் பக்கத்தில்தான் நின்றார். "பாத்தியா புஷ்பம், மேலயும் தொல்லை ஒழிஞ்சுச்சு" என்று சிரித்தார். கமிட்டி அவருக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தது. அதைக் காட்டித்தான் மலாயாவில் வேலை வாங்கினார். இதையெல்லாம் பார்த்தும் ஏன் கட்டிக்கொண்டாய் என்று கேட்பீர்கள். மலாயா மாப்பிள்ளை என்றால் அன்றைக்கு உங்களில் யார் வேண்டாமென்றீர்கள்?

இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைநகரத்திலிருந்து வந்த ஒரு டாக்டர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். மனிதரிடமிருந்து தட்டம்மை ஒட்டிய குரங்கு எப்படியிருக்கும் என்று சொன்னார். கண்ணில் பீளை. மூக்கொழுகல். இருமல். பொரி தெரிவதற்கு முன்பே, வெறும் சளியாக இருக்கும்போதே, மற்றதற்கு ஒட்டிவிடும். எனக்குப் பேச்சியம்மாவின் குரல் காதில் கேட்டது. அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அதுக வெசக்காயத் தின்னிருக்கும்" என்றார். அந்த வருடமும் கோழிக்குழம்பு வைத்தேன்.

4

எங்களுக்கு ஒரே மகள், ரோஸி. மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி மலாயில் சண்டை போடுவாள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் ஜெபம் சொல்வாள். தமிழ் எங்களுக்காக மட்டும், அதுவும் சோறு வேண்டும்போது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறோம். மூன்று வருடமாக அனா ஆவன்னாவிலேயே நிற்கிறாள். ஒரு வரி வாசிக்கத் தெரியாது. வகுப்பு நடத்துகிறவரின் பிள்ளைகளுக்கும் தெரியாது. மேடையேறினால் தமிழ் வாழ்க என்று தொண்டை கிழியக் கத்துகிற எங்கள் ஆட்கள், வீட்டுக்குள் பிள்ளைகளிடம் பேசுவது அரைகுறை இங்கிலீஷ்.

"பெத்த புள்ளைக்குத் தாய்மொழி வாசிக்கத் தெரியல, வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று என் வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுவார். ஏதோ நான் ஒருத்தியே பெற்றதுபோல.

ரோஸிக்குப் பேபி என்றால் பைத்தியம். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கொட்டகைக்கு வருவாள். கூண்டருகே பிள்ளைகள் போகக் கூடாது என்பது சட்டம். வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பேபியோடு மலாயில் பேசுவாள். பேபி நீளக் கையை நீட்டும். இவளும் கையை நீட்டுவாள். நடுவில் பத்தடி இடைவெளி. அந்த இடைவெளியைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

விடப்போவதற்கு முந்தின நாள் சாயங்காலம். நான் வீட்டுக்கு வந்தபோது ரோஸி போர்வைக்குள் சுருண்டிருந்தாள். உடம்பு கொதித்தது. கண் சிவந்து, மூக்கொழுகிக்கொண்டிருந்தது. ஸ்பூனால் கன்னத்தை விலக்கி வாய்க்குள் பார்த்தேன். உப்புத்தூள் தெளித்தமாதிரி வெள்ளைப் புள்ளிகள். மேலுக்கு ஒரு பொரிகூட இன்னும் இல்லை. ஆனால் இது என்ன என்று ஒரு நர்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னைக்குப் பேபிகிட்டப் போனியா?"

"போனேன். பை பை சொன்னேன்."

"வேலிக்கு வெளியதான நின்ன?"

"இல்ல. அப்பா தூக்கிட்டுப் போனாரு. கையால பிசாங் குடுத்தேன்." வாழைப்பழத்துக்கு அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை. "பேபி முத்தம் குடுத்துச்சு. நானும் குடுத்தேன். வாயில."

ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்தேன். ஹாலில் அவர் நாளைய பேச்சை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு மணல்வாரி. இதக் கூண்டுகிட்ட தூக்கிட்டுப் போனீங்களா?"

"மேலுல ஒரு பொரி இருக்கா? வெறும் சளி. கொழந்த கையால ஒரு பழம் குடுத்து அனுப்புறது நல்லதுன்னு கூட்டிட்டுப் போனேன். அம்புட்டுதான்."

"சளியா இருக்கையிலதான் ஒட்டும். நாளைக்குப் பேபியக் காட்டுல விடக் கூடாது. அங்க குடும்பம் குடும்பமா இருக்குதுக. எல்லாத்துக்கும் பரவிரும்."

"மந்திரி வாராரு புஷ்பம். ரத்தப் பேப்பர்ல சுத்தம்னு வந்திருக்கு. இந்த நேரத்துல வந்து கிருமி கிருமின்னு உயிர எடுக்காத."

பிள்ளைக்கு நூற்றுமூன்று டிகிரி. அவர் மறுபடி பேச்சை எடுத்து, 'மாண்புமிகு' என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

5

காலையில் பக்கத்து வீட்டு அம்மாளை ரோஸியோடு உட்காரவைத்துவிட்டு அதிகாரியிடம் ஓடினேன். முழுவதும் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து அந்த இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து என் முன்னால் ஆட்டினார்.

"பேப்பர் சுத்தமா இருக்கு. நீ சும்மா பயப்படுது. ஒரு முத்தத்துல என்னா வந்துரும்?"

இரத்தம் எடுத்தது போன மாதம், முத்தம் நேற்று என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மந்திரி வருகிற நேரத்துக்கு முன்னால் நேற்றாவது, போன மாதமாவது! இங்கிலீஷில் சொன்னேன், தமிழில் சொன்னேன். சுவரில் தொங்கிய அவர் தொப்பியிடம் சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்தேன். காட்டில் உங்காக்கள் கூவிக்கொண்டிருந்தன. பேபி கூண்டுக்குள்ளிருந்து பதில் கூவியது. இன்னும் சற்று நேரத்தில் லாரி வந்துவிடும். எனக்கு வந்த கோபத்தில் நேரே எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன். கோயில் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. பூசாரி என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"நர்சம்மா வேதக்காரவுகல்ல?"

"ஆமா. ரெண்டு கொத்து ஒடிச்சுக்கிறேன்."

"யாருக்கு?"

"எம் மகளுக்கு. இன்னொரு புள்ளைக்கும்."

ஒரு கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, மற்றதைப் பேபியின் கூண்டுக் கதவில் செருகி, கம்பியில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். லாரி வந்தது. ஓட்டி வந்த கருப்பையா ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்து ஆள். கூண்டைத் தூக்க வந்த மூன்று பேரும் எஸ்டேட் தமிழர்கள். நாலு பேரும் பாதி தூரத்திலேயே நின்று செருப்பைக் கழற்றினார்கள்.

"ஆத்தா எறங்கியிருக்காளா தாயி?" என்றான் கருப்பையா.

"ஆமா."

"அப்ப மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது. நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

"ஏய், என்னா இது? எல போட்டு சாமி கும்பிடுது? தூக்கு!" என்று அதிகாரி தாளோடு ஓடிவந்தார்.

கருப்பையா அந்தத் தாளை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தான். "மாட்டேங்கய்யா. புள்ளகுட்டிக்காரன்."

"குரங்குக்கு ஏது சாமி?"

"அவ ஆளு பாத்தா எறங்குறா?"

இதே நாலு பேருக்கு நான் எத்தனை தடவை கிருமி என்றால் என்ன என்று சொல்லியிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த நிமிடம் கூண்டுக்குள் துப்புவார்கள். இன்று ஒரு கொத்து வேப்பிலை அவர்களைக் கட்டிப்போட்டது. எனக்கு இதில் பெருமை கிடையாது. நான் படித்த படிப்பு தோற்றுப்போய் ஒரு மூலையில் நிற்பதாகத்தான் தோன்றியது. ஆனால் கூண்டு நகரவில்லை.

அதிகாரி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வெள்ளைக் கோட்டு, கையில் மாலையோடு வந்தார். "நீ பிடுங்கிப் போடு" என்றார் அதிகாரி. இவர் கூண்டருகே போனார். கை மேலே எழுந்தது. வேப்பிலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. எங்கள் தெருவில் அவருடைய ஆட்களில் யாரும் வேப்பிலை செருகிய வாசலைத் தாண்டியதில்லை. மலாயாவும் டிரெஸ்ஸர் உத்தியோகமும் அந்தக் கைக்கு உதவவில்லை. மெல்ல இறங்கிவிட்டது.

"புஷ்பம், இது நல்லா இல்ல" என்று மட்டும் சொன்னார்.

மந்திரி வந்தார். வேறு வழியில்லாமல் அவரை ஓர் ஆமையைக் காட்டில் விடவைத்தார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நகரவே இல்லை. புகைப்படக்காரர் காத்துக் காத்துப் பார்த்தார். கடைசியில் மந்திரிதான் நகர்ந்தார். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த மாலை மந்திரியின் கழுத்துக்குப் போனது.

6

மறுநாள் ரோஸிக்கு மேலெல்லாம் பொரிந்தது. நான் மடியில் கொண்டுவந்திருந்த கொத்தை வீட்டு வாசலில் செருகியது அவர்தான். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ரோஸிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றைக்குப் பேபி சாப்பிடாமல் முகத்தைத் திருப்பியது. பிறகு இருமல் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து நான் கண் பீளையைத் துடைப்பேன். துடைக்கத் துடைக்க வரும். கிளையில் ஏறுவதை விட்டுவிட்டது. துரைசாணியின் பங்களாவில் உட்கார்ந்ததுபோல ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு என் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு சாயங்காலம் அவர் வந்து வேலியோரம் நின்றார். வேப்பிலை அதற்குள் காய்ந்து சுருண்டிருந்தது. பேபி இருமுவதை வெகுநேரம் பார்த்தார்.

"சிறுமலையிலயும் இப்படித்தானா?"

"பேச்சியம்மா சொன்னப்ப நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. இத்தனை வருடம் சாப்பிட்ட கைதட்டலுக்கு இது போதாது என்றுதான் பட்டது.

பேபி விடிகிற நேரத்தில் செத்தது. காட்டில் உங்காக்கள் வழக்கம்போலக் கூவின. ஒன்றுக்கும் ஒரு நோயுமில்லை. அவற்றுக்கு எங்களைத் தெரியாது, நடந்ததும் தெரியாது. நான் உட்கார்ந்து அந்தக் கூவல் முடியும்வரை கேட்டேன். பிறகு பேபியை எடுத்துத் துணியில் சுற்றினேன். கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டியது அவர்.

அன்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ரோஸி கேட்டாள். முகத்தில் பொரி உதிர்ந்த தடம் இன்னும் இருந்தது.

"பேபி எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். "காட்டுக்குப் போயிருச்சு."

"எப்ப?"

"காலையில. நீ தூங்கிட்டிருந்த. லாரியில வாழமரம் கட்டி, மேளம் வச்சு, மாலையெல்லாம் போட்டுக் கூட்டிட்டுப் போனோம். காட்டோரத்துல லாரிய நிப்பாட்டி, கூண்டுக் கதவ..."

அதே கதை. அதே வாழைமரம். ஆனால் கதவு அவர் வாயில் திறக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பெறகு?" என்றாள் ரோஸி.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இத்தனை வருடமாக இந்தக் கதையைக் கேட்டு அடுப்படியில் பல்லைக் கடித்தவள் நான். பிள்ளை காத்திருந்தாள்.

"கதவத் தொறந்தோம்" என்றேன். "திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. பாத்துட்டு மரத்துல ஏறிப் போச்சு."

ரோஸி சிரித்தாள். அவர் என்னை நன்றியோடு பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து குழம்பை எடுத்துவந்து ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அவள் அடம் பிடித்தால், இப்போதெல்லாம் நான் வற்புறுத்துவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து யாரேனும் இந்தப் பக்கம் வந்தால், அவள் முன்னால் பேபியின் பேச்சை எடுக்க வேண்டாம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.